நாளும் நேரமும் குறித்த கடிதம்: கொவிட் காலமும் இங்கிலாந்தின் மார்பகப் பரிசோதனைச் சேவையும்

இங்கிலாந்தில் என்.எச்.எஸ். எனப்படும் தேசிய சுகாதார சேவை நடத்தும் இலவச மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையைக் கொவிட் பெருந்தொற்றுக்கு முன்னரும், தொற்றின் நடுவிலும், அது தணிந்த பின்னரும் பயன்படுத்தியவள் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பரிசோதனை அறைக்குள் கிடைக்கும் சேவையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே பணிபுரியும் பெண்களின் திறமையையும் பொறுமையையும் எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆனால் ஒரு பெண் அந்த அறையின் வாசலுக்கு வந்து சேரும் வழி பெருந்தொற்றின்போது மாற்றப்பட்டது. அந்த மாற்றம் யாரை உள்ளே வரவிட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்பதைச் சொல்லாமல் இந்தச் சேவையை மதிப்பிடுவது முறையாகாது. என் மதிப்பீட்டின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

எடின்பரோவின் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பட்ரிக் ஃபொரஸ்ட் தலைமையிலான குழு 1986-இல் அளித்த அறிக்கையை ஏற்று, 1988-இல் தொடங்கப்பட்ட திட்டம் இது. 50 வயதான பெண்கள் 71-ஆவது பிறந்தநாள் வரையில் மூன்றாண்டுக்கு ஒருமுறை மமோகிராம் என்ற மார்பகக் கதிர்ப்படம் எடுப்பதற்கு அழைக்கப்படுகிறார்கள். 50 நிறைந்தவுடனேயே கடிதம் வந்துவிடும் என்று பலர் எண்ணிக் காத்திருப்பதுண்டு. உண்மையில் அது 53 வயதாவதற்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அழைப்பு ஒவ்வொருவரின் பிறந்தநாளையும் பார்த்து அனுப்பப்படுவதில்லை. குடும்ப வைத்தியர்களின் பதிவேடுகளை வைத்துக்கொண்டு, ஒரு வைத்தியரிடம் பதிந்திருக்கும் பெண்கள் எல்லோரையும் ஒரு காலப்பகுதியில் அழைத்து முடித்துவிட்டு, அடுத்த வைத்தியரின் பட்டியலுக்கு நகர்கிறார்கள். பல இடங்களில் பரிசோதனை நிலையம் என்பது சுப்பர்மார்க்கெட்டின் வாகனத் தரிப்பிடத்தில் சில வாரங்கள் நிற்கும் ஒரு நீண்ட வண்டிதான். குடும்ப வைத்தியரிடம் பதியாத பெண்ணுக்குக் கடிதம் வராது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் புதிதாக இந்நாட்டுக்கு வந்த நம்மவர்களில் பலருக்கு அது தெரிவதில்லை.

2020-இல் வரவேண்டிய என் முறை 2021-இல்தான் வந்தது. வண்டியின் படியில் ஒருவர் நின்று, பெயரைக் கேட்டு, முகக்கவசம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒவ்வொருவராக உள்ளே விட்டார். துணைக்கு யாரையும் அழைத்து வரவேண்டாம், குறித்த நேரத்துக்கு மிக முன்னதாகவும் வரவேண்டாம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். உள்ளே காத்திருக்கும் கதிரைகளில் பெரும்பாலானவை அகற்றப்பட்டிருந்தன. எனக்கு முன் சென்ற பெண் வெளியேறியதும் இயந்திரத்தின் தட்டையும், கை பிடிக்கும் கம்பிகளையும், கதவின் கைப்பிடியையும் ஊழியர் ஒருவர் துடைத்து முடிக்கும் வரை நான் ஓரமாக நின்றேன். அந்தத் துடைப்புக்கும், காற்று மாறுவதற்கு விடப்பட்ட இடைவெளிக்கும் சேர்த்து, ஒரு நாளில் பரிசோதிக்கக்கூடியவர்களின் எண்ணிக்கை எவ்வளவு குறைந்திருக்கும் என்பதை அங்கே நின்றபோதே புரிந்துகொண்டேன்.

மமோகிராம் எடுப்பவர் பெண்ணாகவே இருப்பார். இது இந்தச் சேவையின் உறுதியான நடைமுறை. இடுப்புக்கு மேல் உடையைக் களைந்துவிட்டு நிற்கவேண்டும் என்பதால், நீண்ட குர்தாவோ முழு உடையோ அணிந்து செல்வதைவிட மேலாடை தனியாகவும் பாவாடையோ காற்சட்டையோ தனியாகவும் இருப்பது வசதி. பவுடரும் வியர்வை நாற்றத்துக்கான பூச்சும் போடாமல் வரச் சொல்வதற்குக் காரணம் உண்டு: அவற்றின் துகள்கள் படத்தில் வெண்புள்ளிகளாக விழுந்து, ஆரம்பகாலப் புற்றுநோய் சில வேளைகளில் காட்டும் சுண்ணாம்புப் படிவுகளைப் போலத் தோன்றக்கூடும். கழுத்தில் உள்ளவற்றைக் கழற்றச் சொன்னபோது நான் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு தயங்கினேன். அந்தப் பெண் மேலே ஒன்றும் கேட்காமல், கொடியை முதுகுப் பக்கமாகத் தள்ளிவிட்டு, அது அங்கேயே இருக்கும்படி என் தோளை மெல்லத் திருப்பி நிறுத்தினார்.

பிறகு நடந்ததை விவரமாகச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனெனில் தெரியாமையால் வரும் பயமே பலரை நிறுத்தி வைக்கிறது. மார்பைத் தட்டின்மேல் ஏந்தி வைத்து, மேலிருந்து ஒரு தெளிவான தகட்டை இறக்கி அழுத்துகிறார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் மேலிருந்து கீழாக ஒரு படம், அக்குள் வரை சேர்த்துச் சாய்வாக ஒரு படம், ஆக நான்கு படங்கள். அழுத்தம் சில விநாடிகள்தான் நீடிக்கும். எனக்கு வலித்தது, ஆனால் தகடு விலகிய கணமே வலியும் விலகிவிட்டது. இதில் நான் கூர்ந்து கவனித்தது ஒன்று உண்டு. இரண்டு மீற்றர் இடைவெளி விடுங்கள் என்று நாடெங்கும் எழுதி ஒட்டியிருந்த காலத்தில், இந்த வேலையை இரண்டு அங்குல இடைவெளியில்கூடச் செய்யமுடியாது. அந்தப் பெண் என் தோளை அணைத்து, விலாவோடு கையை வைத்து, முகம் என் முகத்துக்கருகே இருக்க, தோலின் மடிப்பு விழாமல் ஒவ்வொரு முறையும் சரிசெய்தார். நாள் முழுக்க, அறிமுகமில்லாத பெண்களோடு, அந்தச் சிறிய வண்டிக்குள். தடுப்பூசி பரவலாகக் கிடைப்பதற்கு முன்னரே இந்தப் பணிக்குத் திரும்பியவர்கள் அவர்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்காகக் கைதட்டிய நாடு இவர்களையும் நினைத்திருக்க வேண்டும்.

இனி, பெருந்தொற்றில் நடந்தது. 2020 மார்ச்சில் ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய மூன்றும் தத்தம் பரிசோதனைத் திட்டங்களை வெளிப்படையாக அறிவித்து இடைநிறுத்தின. இங்கிலாந்தில் மையத்திலிருந்து அப்படியோர் இடைநிறுத்த அறிவிப்பு வரவில்லை. அந்தந்தப் பகுதி நிலையங்களே அழைப்பு அனுப்புவதை நிறுத்தின. குறித்த நேரங்களைத் தள்ளிவைத்தன. நடைமுறையில் கோடைகாலம் வரை சேவை ஏறத்தாழ முழுவதுமாக நின்றுபோனது. நிறுத்தியதை நான் குறை சொல்லமாட்டேன். கதிர்ப்படம் எடுப்பவர்களும் தாதியரும் வேறு பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டார்கள், பாதுகாப்பு உடைகள் போதாமல் இருந்தன, நோய்க்குறி எதுவும் இல்லாத, ஐம்பதும் அறுபதும் கடந்த பெண்களை அந்த வாரங்களில் வைத்தியசாலை வளாகங்களுக்கு வரவழைப்பது ஆபத்தாகவே இருந்திருக்கும். நான் குறை சொல்வது சொல்லாமல் நிறுத்தியதைத்தான். கடிதம் பிந்துகிறதா, தொலைந்துபோனதா, தன் பெயர் பட்டியலிலிருந்து விடுபட்டுவிட்டதா என்று ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. ஸ்கொட்லாந்துப் பெண்ணுக்குக் கிடைத்த தெளிவு இங்கிலாந்துப் பெண்ணுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

கோடையில் சேவை மீண்டும் தொடங்கியபோது, மரபணுக் காரணங்களால் மிகுந்த ஆபத்தில் உள்ள பெண்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. அது சரியான முடிவு. ஏனையோரின் நிலையை எண்களில் பார்த்தால் இழப்பின் அளவு தெரியும். 2019–20 ஆண்டில் இங்கிலாந்தில் 21 இலட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். 2020–21-இல் அது 12 இலட்சத்தை ஒட்டிய அளவுக்கு வீழ்ந்தது. ஏறத்தாழ 44 விழுக்காடு குறைவு. பிரித்தானியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த இடைநிறுத்தத்தால் பரிசோதனையைத் தவறவிட்டவர்கள் கிட்டத்தட்ட பத்து இலட்சம் பேர் என்று பிறெஸ்ற் கான்சர் நவ் என்ற தொண்டு நிறுவனம் 2020 செப்டெம்பரில் கணக்கிட்டது.

சில மாதங்கள் நின்ற சேவை சில மாதங்களில் பழைய நிலைக்கு வந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். வராது; அதற்குக் காரணம், ஒரு வைத்தியரின் பட்டியலை முடித்து அடுத்ததற்கு நகரும், நான் மேலே சொன்ன அந்தச் சுற்றுமுறைதான். திருவிழாத் தேர் ஒரு வீதியில் நின்றுவிட்டால், அந்த வீதிக்காரர் மட்டுமல்ல, அடுத்து வரும் வீதிகளில் அர்ச்சனைத் தட்டோடு நிற்பவர்கள் எல்லோரும்தான் காத்திருக்கவேண்டும். முந்தைய பரிசோதனையிலிருந்து 36 மாதங்களுக்குள் அடுத்த வாய்ப்புத் தரப்படவேண்டும், அதுவும் குறைந்தது 90 விழுக்காட்டினருக்கு என்பது இந்தத் திட்டம் தனக்குத் தானே வைத்துக்கொண்ட அளவுகோல். மூன்றாண்டு முழுவதும் இயந்திரங்களையும் ஆட்களையும் ஒருநாள் மிச்சமின்றிப் பயன்படுத்தினால்தான் இந்த அளவுகோலை எட்டமுடியும் என்ற நிலையில் திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. படங்களைப் படிக்கும் கதிரியல் வைத்தியர்களுக்குத் தட்டுப்பாடு பெருந்தொற்றுக்கு முன்னரே இருந்தது. ஒவ்வொரு மமோகிராமையும் இருவர் தனித்தனியாகப் பார்க்கவேண்டும் என்ற, நான் பெரிதும் மதிக்கும், நடைமுறையும் உண்டு. ஆகவே இழந்த மாதங்களை ஈடுசெய்ய மாலை நேரங்களையும் வார இறுதிகளையும் தவிர வேறு இடம் இருக்கவில்லை.

இந்த நெருக்கடியில்தான் அழைப்பு முறை மாற்றப்பட்டது. அதுவரை கடிதத்தில் நாளும் நேரமும் இடமும் குறிப்பிட்டே அனுப்புவார்கள். வேறு நாள் வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம். 2020-இன் இலையுதிர்காலத்திலிருந்து, இங்கிலாந்தின் நிலையங்கள் திறந்த அழைப்பு எனப்படும், நேரம் குறிக்காத கடிதங்களை அனுப்பத் தொடங்கின. உங்கள் முறை வந்துவிட்டது, நீங்களே தொலைபேசியில் அழைத்து நேரம் பெற்றுக்கொள்ளுங்கள் என்பது அந்தக் கடிதத்தின் சாரம். மாற்றியவர்களின் நியாயத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. சாதாரண காலத்திலேயே அழைக்கப்பட்டவர்களில் பத்தில் மூவரளவில் வருவதில்லை. வராதவர்களுக்காக ஒதுக்கப்பட்ட நேரம் வீணாகிறது. இடைவெளியும் துடைப்பும் சேர்ந்து நேரத்தை இவ்வளவு அரிதாக்கிவிட்ட ஒரு காலத்தில், வருவதாகச் சொன்னவர்களுக்கு மட்டுமே நேரம் கொடுப்பது கையிலிருக்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் பயன்படுத்தும் வழியாகத் தோன்றியிருக்கும். இயந்திரத்தின் பக்கமிருந்து பார்த்தால் அது சரி. பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால், அதுவரை சேவை சுமந்த பொறுப்பு அவளுடைய தலைக்கு மாறியது.

இதன் விளைவு எப்படி இருக்கும் என்பது ஊகத்துக்குரிய ஒன்றாகவும் இருக்கவில்லை. இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இங்கிலாந்தின் ஆறு நிலையங்களில் நடத்திய சோதனையின் முடிவு 2017-இலேயே லான்செட் ஒன்கொலொஜி என்ற புற்றுநோய் மருத்துவ இதழில் வெளிவந்திருந்தது. முதல் அழைப்புக்கு வராத 26,000-க்கும் மேற்பட்ட பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நாளும் நேரமும் குறித்த இரண்டாவது கடிதமும், மற்றப் பிரிவினருக்குத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லும் கடிதமும் அனுப்பினார்கள். நேரம் குறித்த கடிதம் பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் வந்தார்கள். அழைக்கச் சொன்ன கடிதம் பெற்றவர்களில் 12 விழுக்காட்டினரே வந்தார்கள். அதே பெண்கள், அதே வண்டி, அதே இலவசப் பரிசோதனை. வேறுபாடு கடிதத்தில் இருந்த ஒரு நாளும் ஒரு மணியும் மட்டுமே. இந்த அறிவு கையிலிருந்தும் திறந்த அழைப்பு முறை பல மாதங்களுக்கு நீட்டிக்கப்பட்டது என்பதே இந்தச் சேவைமீது எனக்குள்ள முதன்மையான குறை. ஒரு சில மாத அவசர ஏற்பாடாக இருந்திருந்தால் இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லமாட்டேன்.

அந்த 12-க்கும் 22-க்கும் இடையில் நிற்பவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை அறிய எனக்கு வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. என் மச்சாள் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறார். பெருந்தொற்றின் முதல் அலையில் அவர் எத்தகைய நாள்களைக் கடந்தார் என்பது தனியாக எழுதவேண்டிய கதை. கடிதம் வந்தபோது நான் கேட்டேன். “வந்தது, பிள்ளை. சாமித்தட்டுக்குப் பக்கத்திலதான் வைச்சிருக்கிறன். லீவு நாளில எடுப்பம் எண்டு இருந்தன், லீவு நாளில அவையள் போன் எடுக்கிறேல்லை” என்றார். அவருக்கு அக்கறை இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைக்கப்படும் கடிதம் அக்கறையில்லாதவரின் கடிதம் அல்ல. காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர், வேலை நேரத்தில் கைத்தொலைபேசியை அலமாரியில் பூட்டி வைக்கவேண்டியவர், ஆங்கிலத்தில் நேரில் பேசச் சிரமப்படாதவர், ஆனால் தொலைபேசியில் முகம் தெரியாதவரோடு மார்பைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர். இப்படிப்பட்ட ஒருவர், அலுவலக நேரத்தில், வரிசையில் காத்திருந்து பேசவேண்டும் என்பதையே அந்தக் கடிதம் நிபந்தனையாக்கியது. நேரம் குறித்த பழைய கடிதம் வந்திருந்தால், அதை அவர் மேலாளரிடம் காட்டியே விடுப்புக் கேட்டிருப்பார். நாளும் நேரமும் அச்சிட்ட கடிதம் வேலைத்தளத்தில் ஓர் ஆதாரம். அழைக்கச் சொல்லும் கடிதம் அப்படியல்ல. இறுதியில் அவருடைய மகள்தான் தன் மதிய இடைவேளையில் அழைத்து நேரம் பெற்றுக்கொடுத்தாள். மகள் இல்லாதவர்களை நினைத்துப் பார்க்கிறேன்.

இது ஒரு குடும்பத்தின் அனுபவம் மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தின் பிராந்தியங்களில் பரிசோதனைக்கு வருவோர் விகிதம் மிகக் குறைவாக இருப்பது இலண்டனில்தான், அது பெருந்தொற்றுக்கு முன்பிருந்தே அப்படி. வறிய பகுதிகளில் விகிதம் குறைவு. தெற்காசியப் பெண்களிடையே குறைவு. வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்குக் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விடுகிறது. ஏற்கனவே கீழே இருந்தவர்களைத் திறந்த அழைப்பு மேலும் கீழே தள்ளும் என்பதை உணர்வதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. அழைக்கப்பட்டவர்களில் குறைந்தது 70 விழுக்காட்டினர் வரவேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை எதிர்பார்ப்பு. பெருந்தொற்றுக்குச் சற்று முன்னர் அதை ஒட்டி நின்ற விகிதம், 2020–21-இலும் அடுத்த ஆண்டிலும் அறுபதுகளின் தொடக்க எண்களுக்கு இறங்கியது. 2023–24-இல்தான் அது மீண்டும் 70-ஐத் தொட்டது. வீழ்ச்சி முழுவதற்கும் கடிதமே காரணம் என்று நான் சொல்லவில்லை. தொற்றுப் பயமும் இருந்தது, சேவைக்குச் சுமையாகிவிடக் கூடாது என்ற எண்ணமும் பல பெண்களிடம் இருந்தது. ஆனால் பயத்தை அரசாங்கத்தால் மாற்றமுடியாது; கடிதத்தை மாற்றமுடியும்.

இந்தத் தாமதத்தின் விலை என்ன? இங்கே நிதானம் தேவை, ஏனெனில் இதில் இரண்டு வேறுபட்ட தாமதங்கள் கலந்து பேசப்படுகின்றன. ஒன்று, நோய்க்குறி ஏதுமில்லாத பெண்ணின் வழமையான பரிசோதனை தள்ளிப்போவது. மற்றது, கட்டியையோ தோல் சுருக்கத்தையோ காம்பிலிருந்து வரும் கசிவையோ கண்ட பெண் வைத்தியரிடம் போகாமல் இருப்பது. இரண்டாவதுதான் உடனடி ஆபத்து. 2020 ஏப்ரலில் புற்றுநோய் ஐயத்தின் பேரில் குடும்ப வைத்தியர்கள் அனுப்பும் அவசரப் பரிந்துரைகள், எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்து, முந்தைய ஆண்டின் ஏப்ரலோடு ஒப்பிடுகையில் பாதிக்கும் மேல் குறைந்தன. அந்த வழி ஒருநாளும் மூடப்படவில்லை. வீட்டிலிருங்கள் என்ற முழக்கத்தின் சத்தத்தில் அது திறந்திருப்பது பலருக்குக் கேட்கவில்லை. இரண்டு தாமதங்களையும் சேர்த்துக் கணக்கிட்டு 2020-இல் லான்செட் ஒன்கொலொஜியில் வெளியான ஓர் ஆய்வு, இங்கிலாந்தில் மார்பகப் புற்றுநோயால் ஐந்தாண்டுகளில் 281 முதல் 344 வரையான மேலதிக இறப்புகள் நேரலாம் என்று மதிப்பிட்டது. அது ஒரு மாதிரிக் கணக்கு, நேரில் எண்ணிய எண் அல்ல. ஆயினும் அந்த எண்ணுக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் அம்மாவோ அக்காவோதான்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. இடைநிறுத்தத்தின்போது, இந்தப் பரிசோதனையே தேவையற்றது, அது நின்றது நல்லதுதான் என்று பேசியவர்களும் இருந்தார்கள். அவர்கள் கையில் எடுக்கும் ஆதாரம் உண்மையானதுதான். பேராசிரியர் மைக்கேல் மார்மொற் தலைமையிலான சுயாதீனக் குழு 2012-இல் இந்தத் திட்டத்தை ஆராய்ந்து, 50 வயதிலிருந்து இருபது ஆண்டுகள் அழைக்கப்படும் 10,000 பெண்களில் 43 பேரின் புற்றுநோய் மரணம் தவிர்க்கப்படுகிறது என்றும், 129 பேர் வாழ்நாளில் தொல்லை தந்திராத ஒரு புற்றுநோய்க்காகச் சிகிச்சை பெறுகிறார்கள் என்றும் மதிப்பிட்டது. ஓர் உயிர் காக்கப்படும் இடத்தில் மூவர் தேவையற்ற சிகிச்சைக்கு ஆளாகிறார்கள் என்பது சிறிய விடயம் அல்ல. அந்த எண்ணிக்கையைச் சேவை மூடி மறைக்காமல் அழைப்போடு வரும் கையேட்டிலேயே அச்சிடுகிறது. இதற்காக நான் அதை மிகவும் மதிக்கிறேன். என் சொந்த முடிவு, எல்லாவற்றையும் வாசித்த பிறகும், போவது என்பதே. போகாமலிருக்க முடிவுசெய்யும் பெண்ணையும் நான் மதிப்பேன். ஆனால் அது அவள் வாசித்து எடுத்த முடிவாக இருக்கவேண்டும், தொலைபேசி வரிசையில் இணைப்புக் கிடைக்காததால் நேர்ந்த முடிவாக இருக்கக்கூடாது.

பெருந்தொற்றோடு வந்த இன்னொரு சிக்கலைச் சேவை நன்றாகக் கையாண்டது. கொவிட் தடுப்பூசி ஏற்றிய கையின் பக்கத்து அக்குளில் நிணநீர்க் கணுக்கள் சில வாரங்களுக்கு வீங்கியிருக்கலாம். மமோகிராமில் அந்த வீக்கம் தெரியும். புற்றுநோய் பரவும்போதும் அதே இடத்தில்தான் கணுக்கள் வீங்கும். அமெரிக்காவின் மார்பகப் படிமவியல் சங்கம் 2021 தொடக்கத்தில், தள்ளிப்போடுவதால் தீங்கில்லை என்றால் இரண்டாவது ஊசிக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்து மமோகிராம் எடுக்கலாம் என்று ஆலோசனை கூறியது. பிரித்தானியாவில் அவ்வாறு தள்ளிப்போட வைக்கவில்லை. என்னிடம் எந்தக் கையில், எப்போது ஊசி போட்டீர்கள் என்று கேட்டு, அதைக் குறித்துக்கொண்டு, படத்தை எடுத்துவிட்டார்கள். ஏற்கனவே பிந்திய பெண்ணை மேலும் பிந்தவைக்காத அந்த எளிய கேள்வியை நான் பாராட்டுகிறேன். ஊசியா மமோகிராமா, எது முதலில் என்று அந்த நாள்களில் நம்மவர் பலர் குழம்பியிருந்தார்கள். அவர்களுக்குப் பதில், இரண்டும், கிடைக்கும் ஒழுங்கில் என்பதாகவே இருந்தது.

முடிவுக் கடிதம் இரண்டு வாரத்துக்குள் வந்தது. என் தோழி ஒருவருக்கு மேலதிக பரிசோதனைக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தபோது அவர் அன்றிரவு உறங்கவில்லை. பரிசோதிக்கப்படும் 100 பேரில் ஏறத்தாழ 4 பேர் இவ்வாறு திரும்ப அழைக்கப்படுகிறார்கள். அந்த நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் உறுதியாகிறது. என் தோழிக்கு மீண்டும் படமெடுத்து, அல்ட்ராசவுண்ட் பார்த்து, ஒன்றுமில்லை என்று அன்றே சொல்லி அனுப்பினார்கள். தொற்றுக் கட்டுப்பாடுகள் இருந்த அந்த நாளில் அவருடைய கணவர் வைத்தியசாலைக்கு வெளியே வாகனத்தில்தான் இருக்கவேண்டியிருந்தது. பரிசோதனைக்குத் தனியே வரச்சொன்னதை என்னால் ஏற்கமுடியும்; முடிவைக் கேட்கப்போகும் பெண்ணைத் தனியே உட்காரவைத்தது கடுமையான ஏற்பாடு. இன்னொரு பெருந்தொற்று வந்தால், அந்த ஒரு அறைக்காவது ஒரு துணையை அனுமதிக்க வழி காணவேண்டும்.

தொற்று தணிந்த பின்னர் என் அடுத்த முறை வந்தபோது, கடிதத்தில் நாளும் நேரமும் இடமும் மீண்டும் அச்சாகியிருந்தன. நிலையங்கள் படிப்படியாகப் பழைய முறைக்குத் திரும்பியிருக்கின்றன; வருவோர் விகிதம் குறைந்த பகுதிகளுக்குப் புதிய வண்டிகள் வாங்க 2022-இல் ஒரு கோடி பவுண்டு ஒதுக்கப்பட்டது; இப்போது என்.எச்.எஸ். செயலி வழியாகவும் அழைப்பும் நினைவூட்டலும் வரத் தொடங்கியுள்ளன. செயலியை வரவேற்கிறேன், கடிதத்துக்கு மாற்றாக அல்ல, கடிதத்தோடு சேர்த்து. என் மச்சாளைப் போன்றவர்களுக்கு அச்சிட்ட தாளின் வலிமை தனி. இங்கிலாந்தில் வாழும் வாசகர்களுக்குச் சில விவரங்கள்: 53 வயதாகியும் கடிதம் வராதிருந்தால் உங்கள் பகுதிப் பரிசோதனை நிலையத்தை அழைத்துக் கேளுங்கள். வீடு மாறினால் குடும்ப வைத்தியரிடம் முகவரியை மாற்றுங்கள், கடிதம் அந்தப் பதிவேட்டைப் பார்த்தே வருகிறது. பெருந்தொற்றில் தவறவிட்ட முறையை இப்போதும் கேட்டுப் பெறலாம். 71 கடந்தவர்களுக்குக் கடிதம் வருவது நின்றுவிடும், ஆனால் மூன்றாண்டுக்கு ஒருமுறை தாமே அழைத்துப் பரிசோதனையைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த அழைப்பை அம்மாவுக்காக நீங்கள் எடுத்துக் கொடுக்கலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் நேரம் பெறும்போதே சொல்லிவிடுங்கள். கட்டியோ வேறு மாற்றமோ தெரிந்தால் இவை எதற்கும் காத்திருக்காமல், கடைசி மமோகிராம் நேற்றுத்தான் எடுத்திருந்தாலும், குடும்ப வைத்தியரை உடனே அழையுங்கள்.